எல்லா போனிலும் ஒரே நாள்

எங்கள் போன் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனைக் கீழே போட்டவர்கள். மீதிப் பேர் நாளைக் கோட்டை விட்டவர்கள். இரண்டு போன், ஒரு டேப்லெட், எல்லாவற்றிலும் ஒரே காலண்டர் வேண்டும் என்று அல்லாடுகிற ஜனங்களே, நானும் உங்கள் கட்சிதான். போன வருடம் அம்மாவுக்கு நான் ஒரு நாள் திதி கொடுத்தேன். பெங்களூரில் இருக்கும் தம்பி மறுநாள் கொடுத்தான். எது சரி என்று ஆரம்பித்த சண்டையில் பேச்சே நின்றுபோனது. இந்த வருடமாவது இருவரும் ஒன்றாக நிற்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

மூன்று கல்யாணம்

வேங்கிக்காலில் வேலை பார்க்கும் அரசு ஊழியர் ஒருவர் வந்தார். ஆபீஸ் கணக்கு, சொந்தக் கணக்கு, மனைவியின் கணக்கு மூன்றையும் ஒரே போனில் சேர்த்துவிட்டார். நண்பர் மகள் கல்யாணம் மூன்று தடவை பதிவாகி, மூன்று தடவை மணியடித்தது. நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஒரே கல்யாணத்துக்கு மூணு வாட்டி போனா பந்தியில கண்டுபுடிச்சிட மாட்டாங்களா சார்?"

அமெரிக்கச் சாயங்காலம்

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு அமெரிக்க அம்மாள், கிரிவலம் போக விடிகாலை ஐந்து மணிக்கு ஆட்டோ சொல்லி, போனில் குறித்து வைத்தார். அவருடைய டேப்லெட் இன்னும் அமெரிக்க நேரத்திலேயே இருந்தது. அந்த ஐந்து மணியை அது முதல் நாள் மாலை ஆறரை என்று காட்டியது. அவர் டேப்லெட்டை நம்பினார். ஆட்டோக்காரர் அவரைக் கடைக்கு அழைத்து வந்து என்னிடம் சொன்னார்:

"நேத்து சாயங்காலமே ரோட்ல வந்து நின்னுட்டாங்க சார். இவங்களுக்கு பக்தி ஜாஸ்தி."

அம்மாவின் திதி

அம்மா இறந்த தேதியைப் போட்டு, 'ஒவ்வொரு ஆண்டும்' என்று அழுத்தி, தம்பியின் போனுக்கும் அனுப்பினேன். 'வருகிறேன்' என்று ஒரு குறி வந்தது. ஒரு வருடத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடி அண்ணாமலையில் இருக்கும் அக்காவிடம் பட்டன் போன்தான், அதனால் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

அந்தத் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. அக்காவும் வந்திருந்தாள். குளக்கரையில் என் போனும் தம்பி போனும் ஒரே நொடியில் அடித்தன. ஐயர் மாதமும் திதியும் கேட்டார். மாசி, தேய்பிறை தசமி என்றேன். பஞ்சாங்கத்தைப் புரட்டியவர், அது செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது என்றார். மாதாமாதம் மாறுகிற பௌர்ணமி தேதியைப் பார்த்துக் கிரிவலம் போகிற ஊரில் பிறந்தவன் நான். திதி வரும் தேதியும் அப்படித்தான் மாறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவமானமாக இருந்தது. தம்பி மறுபடி ஆரம்பிக்கப் போகிறான் என்று பயந்தேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவளோ துளிகூட அதிரவில்லை.

"உனக்குத் தெரியுமாக்கா?" என்றேன்.

"தெரியும்டா. செவ்வாக்கிழமையே நான் படையல் போட்டுட்டேன். தேதி தப்புன்னு சொன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் வரமாட்டான். அதான் கம்முனு இருந்துட்டேன். வாங்க, வீட்டுக்குப் போயி சாப்பிடலாம்."

எல்லா போனும் ஒரே நாளைக் காட்டும் வரைக்கும்தான் என் பொறுப்பு. அது சரியான நாள்தானா என்பதற்கு எங்கள் கடையில் கேரண்டி கிடையாது.