மாமா ருசி பார்த்த சனிக்கிழமை

மாமா மாடு வாங்கியதை அம்மா இரண்டு வாரம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு எப்படியோ கதை கசிந்து, கோயிலில் கண்டவர்கள் எல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை லீட்டர் கறக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அம்மா குளிரைப் பற்றிக் கதைத்துச் சமாளித்தார். அவை கறக்கிற மாடுகள் அல்ல, இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாமியறையில் விளக்கேற்றுகிற, மாட்டிறைச்சியை வாயில் வைத்தே அறியாத என் மாமாதான் அவற்றின் முதலாளி.

மாமா அம்மாவின் தம்பி. கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊருக்கு வெளியே மலிவாக ஒரு பழைய வீடு வாங்கினார். அதனோடு கொஞ்சம் மணல் நிலமும் ஒட்டிக்கொண்டு வந்தது. முரட்டுப் புல்லைத் தவிர அதில் வேறொன்றும் முளைக்காது. பக்கத்துப் பண்ணைக்காரிதான் கலோவே மாடு வாங்கும்படி சொன்னார். கறுத்த உடம்பில், வயிற்றைச் சுற்றி வெள்ளைச் சால்வை கட்டினாற்போல ஒரு பட்டை. அந்தப் பக்கத்தில் வேறு எவரும் வளர்க்காத இனம். பனியிலும் வெளியிலேயே நிற்கும், கிடைத்ததைத் தின்னும், ஆள் துணையில்லாமல் கன்று போடும். வேலைக்குப் போகிற மனிதருக்கு இதைவிடத் தோதான மாடு கிடையாது.

ஆனால் வளர்வதில் அதற்கு அவசரமே இல்லை. மற்ற மாடுகள் இரண்டு வருடத்தில் ஏறுகிற எடைக்கு இது மூன்று வருடமாகியும் வந்து சேராது. பெரிய இறைச்சிக்கூடங்களோ எடையைப் பார்த்துத்தான் காசு கொடுக்கும். அங்கே அனுப்பினால் நட்டம். இது வேறு மாதிரியான இறைச்சி என்று சொல்லி, சமைத்துச் சாப்பிடுகிற வீடுகளுக்கே நேரடியாகப் பெட்டி பெட்டியாக விற்றால்தான் கட்டுப்படியாகும். மூன்றாம் வருட மாரியில் முதல் இரண்டு நாம்பன் மாடுகள் வெட்டுக்குப் போய் இறைச்சிப் பெட்டிகளாகத் திரும்பி வந்தன. நாம்பன்களை ஏற்றிக்கொண்டு போனது பண்ணைக்காரி. மாமா அன்றைக்கென்று கேட்டு வாங்கிக் காலை வேலைக்குப் போய்விட்டார்.

அம்மா வெள்ளியும் சனியும் முதியோர் இல்லத்தில் வேலை செய்ததால் அந்த இரண்டு நாளும் நான் மாமா வீட்டில்தான் இருப்பேன். ஒருநாள் சமையலறையில் மாமா மாமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“இந்தப் பெட்டியள் போகாட்டி, வசந்தத்துக்கு எல்லா மாட்டையும் லொறியில ஏத்த வேண்டியதுதான்.”

எனக்கு அப்போது எட்டு வயது. எல்லா மாடும் என்றால் நான் கரட் ஊட்டுகிற கன்றும் சேர்த்துத்தான். உடனே உட்கார்ந்து சனிக்கிழமை விற்பனைக்கு விளம்பரப் பலகை கீறினேன். பட்டையை மட்டும் விட்டுவிட்டு மாடு முழுவதையும் கறுப்படிக்க வேண்டியிருந்ததால் ஒரு பென்சில் அப்படியே தீர்ந்துபோனது.

சனிக்கிழமை பத்து மணிக்கே ஐந்தாறு கார்கள் வந்து நின்றன. கராஜில் பிரீசர், வாசலில் கோப்பி, ஒரு தட்டில் மாமி பொரித்த மரக்கறி ரோல்ஸ். ரோல்ஸ் மட்டும் வைத்த கையோடு முடிந்தது. மாமா புல்லைப் பற்றியும் மாட்டின் நிதானத்தைப் பற்றியும் பாடமாக்கி வைத்திருந்ததை டெனிஷில் ஒப்பித்தார். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு, ருசி எப்படி இருக்கும் என்று கேட்டார். மாமா மறுபடி புல்லுப் பேச்சுக்கே போனார். அவரும் விடாமல் மறுபடி ருசியைக் கேட்டார். மாமாவுக்குப் பொய் வராது. ருசி என்று தொடங்கிவிட்டுக் கோப்பி ஊற்றப் போனார்.

மாமாவுக்கு டெனிஷ் சொல் அகப்படவில்லை என்று நினைத்தேன். டெனிஷ்தான் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. உதவிக்குப் பாய்ந்தேன். மாமா அதை ஒருநாளும் சாப்பிட்டதில்லை, எங்கள் குடும்பத்தில் ஒருவருமே சாப்பிடுவதில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி பெருமையாக அறிவித்தேன்.

அந்தப் பெண் சிரித்தபடியே பெட்டிகளைத் திருப்பி வைத்தார். மற்றவர்களும் கோப்பிக்கு நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். மாமி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ செய்துவிட்டேன் என்பது மட்டும் விளங்கியது. மாமா ஒரு சொல்லும் ஏசவில்லை. ஒரு வாளியில் கரட் போட்டுத் தந்து, கன்று பார்த்துக்கொண்டு நிற்கிறது, போய்க் கொடு என்றார். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது.

அடுத்த சனிக்கிழமை பண்ணைக்காரி ஒரு காஸ் அடுப்பும் தாச்சியும் கொண்டுவந்து, வாசலிலேயே பட்டரில் இறைச்சித் துண்டுகளைப் பொரித்தார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். சிவப்புத் தொப்பியும் வந்திருந்தது. பண்ணைக்காரி முதல் துண்டைக் குச்சியில் குத்தி மாமாவிடம் நீட்டினார். மாமா ஒருதரம் வயல் பக்கம் பார்த்தார். மாடுகள் தங்கள் பாட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. துண்டை வாங்கி வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். பிறகு, மெதுவாக வளர்ந்ததை மெதுவாகத்தான் சாப்பிட வேண்டும் என்று டெனிஷில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் பிரீசர் காலி.

ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவிடம் ஓடிப்போய், “மாமா மாட்டிறைச்சி சாப்பிட்டவர்!” என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாமி தீப்பெட்டியை என்னிடம் தந்தார். சாமியறையில் விளக்கேற்ற எனக்கு எவ்வளவு காலமாக ஆசை! கேட்டபோதெல்லாம் அது மாமாவின் வேலை என்றுதான் சொல்வார்கள். குளித்து வேட்டி கட்டிய மாமா, அறைக்குள் வராமல் நடையிலேயே நின்றார். மாமி கற்பூரத் தட்டை வெளியே கொண்டுபோய்க் காட்டி, தன் கையாலேயே அவருக்குத் திருநீறு பூசிவிட்டார்.

“உள்ள வாங்கோ மாமா” என்று கூப்பிட்டேன்.

“எனக்கு இஞ்ச நிண்டாலும் தெரியுது, பிள்ளை. நீ கொளுத்து.”

கன்று வயலில் நின்றது. ஒரு மாட்டையும் லொறியில் ஏற்றவில்லை. அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் தீப்பெட்டி என் கைக்கே வந்தது, மாமா நடையில் நின்றே கும்பிட்டார். நான் வளர்ந்துவிட்டேன், அதனால்தான் மாமா அந்த வேலையை எனக்கு விட்டுத் தந்திருக்கிறார் என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் திரியைத் தூண்டிவிட்டு, சரியாக ஏற்றினேனா என்று அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.