ரிப்பனுக்குக் கீழே குனிந்த சந்தை

புதன்கிழமைகளில் தங்கமணி சந்தைக்குள் கால் வைத்ததும் பாதிக் கோழிகள் காணாமல் போய்விடும். கீரைக்கட்டுக்கு அடியில் போகும், சாக்குக்குள் போகும், ஒருமுறை ஒரு பெண்ணின் முந்தானைக்குள்ளேயே போனது. முந்தானை கொக்கரித்தபோது அந்தப் பெண் இருமிக் காட்டினாள். தங்கமணி இருமலுக்கும் சேர்த்து ரசீது கிழித்தாள்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, பஸ் கல்வராயன் மலையேறுவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொள்கிற அடிவாரத்து ஊர் அது. சந்தையை ஊராட்சி ஆண்டுக்கொரு தரம் ஏலம் விடும். பங்குனி முடிகிறவரை சந்தை ஏலம் எடுத்தவருடையது. விற்க வருகிறவர்களிடம் கூடைக்கு இவ்வளவு, கோழிக்கு இவ்வளவு என்று அவர் சுங்கம் வாங்கிக்கொள்ளலாம். கூலிக்குக் கரும்பு வெட்டிய குடும்பத்தில் பிறந்த தங்கமணி, இதே சந்தையில் இருபது வருஷம் கத்தரிக்காய் விற்றவள். இருபது வருஷமும் சுங்கக்காரர்களை ஏமாற்றியவள். பலாப்பழத்தைக் காட்டி, ‘இது விக்கிறதுக்கு இல்ல, மருமவளுக்கு’ என்று முதன்முதலில் சொன்னதே அவள்தான். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. அப்படிப்பட்டவள் போன வருஷம் மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஏலத்தையே எடுத்துவிட்டாள். அன்றோடு சந்தையில் மருமகள்களின் எண்ணிக்கை கம்மியானது.

சுங்கம் வாங்குகிறவள்தான் சர்க்கார் என்று விற்க வருகிறவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். டில்லியில் எந்த வரி ஏறினாலும், சென்னையில் எந்தத் திட்டம் நின்றாலும் தங்கமணியைத்தான் கேட்டார்கள். கேஸ் மானியம் வரவில்லை என்று ஒருத்தி அவள் கையிலேயே பாஸ்புக்கைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவளால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது சந்தையின் மூலையில் பச்சைப் பெயின்ட் அடித்து நின்றது. பெண்களுக்கான கழிப்பறை. உள்ளே டைல்ஸ், பைப், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. வாசல் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய சிவப்பு ரிப்பன் வெயிலில் ரோஸ் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. கல்வெட்டுக்குத் திரைச்சீலை, கதவுக்குப் பூட்டு. திறந்துவைக்கப் பதவியில் இருக்கிற பெரியவர்கள் வர வேண்டும்.

அதற்காக யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சந்தைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கரும்பு நின்றது. அவசரமென்றால் அதற்குள் போய் வந்தார்கள். முடிந்தவரை போகாமலிருக்க, சந்தைக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தங்கமணியும் அப்படித்தான். விற்ற காலத்துப் பழக்கம் வசூலிக்கிற காலத்திலும் விடவில்லை.

தை மாதத்தில் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. ஒரே வாரத்தில் கரும்பு மொத்தமும் டிராக்டர் ஏறிப் போனது. சந்தைக்குப் பின்னால் அடிவானம்வரை மறைவே இல்லை.

அடுத்த புதன்கிழமை தங்கமணி வந்தபோது சந்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கத்துக் கரும்புக்கு இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை. அதைவிட முக்கியம், ரோடுதான் எல்லை. அந்தப் பக்கம் வேறு ஊராட்சி. அங்கே ஒரு கட்டுக் கீரைக்குக்கூட அவள் கை நீட்ட முடியாது. கடன் தவணையோ மாதா மாதம் வந்து நின்றது. அவள் கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்ற பெண்கள் தலையில் விழும். அவர்களில் பாதிப் பேர் அவள் தெருக்காரிகள், தெருக்குழாயில் அவளுக்கு முன்னால் குடம் வைக்கிறவர்கள்.

ரசீதுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். கோழியும் கீரையும் விற்கிற பெரியம்மாள் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்காய்க் காலத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கு.

“இன்னா தங்கமணி, பாஸ்போர்ட்டு எடுத்தாந்தியா?” என்றாள் பெரியம்மாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாளின் கோழிகள் அன்றைக்குக் கூடைக்கு வெளியே, கால் கட்டில்லாமல், ராஜா வீட்டுக் கோழிகள்போல நடந்துகொண்டிருந்தன. திரும்பி வரச்சொல்லி தங்கமணி கேட்டதற்கு, பெரியம்மாள் பச்சைக் கட்டடத்தைத் தாடையால் காட்டினாள்.

“அதத் தெறந்துட்டுக் கூப்புடு. சுங்கம் வாங்கறப்ப மட்டும் சர்க்காரு, இதுக்குன்னா நீயும் எங்களமாரி பொம்பளையா?”

ஊராட்சிச் செயலர் இளஞ்செழியன் நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை, எதையும் செய்ததுமில்லை. தங்கமணி நேரே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டதற்கு, கட்டடத்தில் டில்லிப் பணம் இருக்கிறது, சென்னைப் பணம் இருக்கிறது, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரே நாளில் வர வேண்டும் என்றார். இவருக்குத் தோதான நாளில் அவருக்குக் கல்யாண வீடு, அவருக்குத் தோதான நாளில் இவருக்கு டில்லிப் பயணம். கல்வெட்டில் எல்லாப் பெயரும் செதுக்கியாகிவிட்டது, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

நம் ஊராட்சி என்ன போட்டது என்று தங்கமணி கேட்டாள். அவர் பேனாவை மூடினார், திறந்தார். ரிப்பன், திரைச்சீலை, பூட்டு என்றார். அதற்கு ஏது பணம் என்றாள். சந்தை ஏலப் பணம்தான் என்றார்.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத தொண்டையை அவள் செருமிக்கொண்டாள்.

“அப்ப கட்டடம் அவுங்களுது, பூட்டு என்னுது. எம் பூட்ட எங்கிட்ட குடுத்துடுங்க சார். கட்டடத்த நீங்களே வெச்சிக்குங்க.”

இளஞ்செழியன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திறப்பு விழாவுக்கு முன்னால் ஒருத்தி உள்ளே போய் வந்தால் அதுவே திறப்பு ஆகிவிடும், கல்வெட்டில் இருக்கிற அத்தனை பெயருக்கும் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். சந்தை அந்தப் பக்கமே தங்கிவிட்டால் வருகிற வருஷம் ஏலம் கேட்க ஆள் இருக்காது, தெரு பல்பு வாங்கப் பணத்துக்கு எங்கே போவீர்கள் என்று அவள் கேட்டாள். பெண்களின் அவஸ்தையைவிட அது அவருக்குச் சீக்கிரம் புரிந்தது. ஆனாலும் கை, சாவி இருந்த மேஜை இழுப்பறைப் பக்கம் போகவில்லை.

“சரி சார், அவுரு வராரு. ரிப்பன வெட்டிட்டு உள்ள பூந்து பைப்ப திருப்புறாரு. தண்ணி வரல, காத்து வருது. எல்லாரும் செல்லுல புடிச்சிக்கினு நிக்கிறாங்க. அப்ப இன்னா பண்ணுவீங்க?”

இளஞ்செழியன் முகம் மாறியது. இரண்டு வருஷத்துக்கு முன் குடிநீர்த் தொட்டித் திறப்பு விழாவில், பெரியவர் திருப்பிய குழாயிலிருந்து முதலில் வந்தது தவளை. அந்தத் தவளை ஊர் வாட்ஸப் குழுவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

இழுப்பறை திறந்தது.

“ட்ரையல்,” என்றார் மெதுவாக, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே. “ட்ரையலுன்னு வெச்சிக்கலாம்மா. தண்ணி வருதா, போவுதான்னு பாக்கணும் இல்ல? ஆனா ரிப்பன்ல ஒரு கை படக்கூடாது.”

ஒரு ஆள் போய்ப் பார்த்தால் என்ன தெரியும், சந்தை நாள் கூட்டத்துக்குத் தாங்குமா என்றல்லவா பார்க்க வேண்டும் என்றாள் தங்கமணி. அவர் காதில் விழாததுபோல் ஃபைலைப் புரட்டினார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை விரித்தவர்கள் எல்லாரும் பார்க்க, தங்கமணி ரிப்பனுக்குக் கீழே குனிந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. தன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு இன்னொரு சொம்பு.

சந்தை நாளில் ஒரு பெண் தண்ணீர் குடித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. பெரியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டை மறித்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் கடுக்காய் மூட்டையும் சாமைப் பையுமாக மலையிலிருந்து வந்த பெண்கள். சின்னசேலம் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தது. ரிப்பனுக்கு முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருத்தியாகக் குனிந்து போனார்கள், குனிந்து வந்தார்கள். எந்தப் பெரிய மனிதருக்கும் அந்த ஊர் இவ்வளவு குனிந்ததில்லை. மதியம் இளஞ்செழியன் வந்து, தூரத்தில் நின்றபடி ரிப்பன் அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

பெரியம்மாள் வெளியே வந்து கூடையருகே உட்கார்ந்ததும் தங்கமணி கையை நீட்டினாள். கீரை மட்டும்தான் என்றாள் பெரியம்மாள். கீரை அசைந்தது.

“அது இன்னாக்கா?”

பெரியம்மாள் கூடையை ஒரு தரம் பார்த்தாள், பச்சைக் கட்டடத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“விக்கத்தாங் கொண்டாந்தன்னு யாரு சொன்னா? அதுவும் ட்ரையல்லதாண்டி இருக்குது.”

தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ரசீதைக் கிழித்தாள்.