குடிக்காதவன் வாங்கிய அடி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத ஆம்பளை சிவப்பிரகாசம் ஒருவன்தான். குடிகாரன் என்று அதிகம் உதை வாங்கியவனும் அவனேதான்.

முப்பது வயதிலேயே கால் தள்ளாடியது. பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. தோல் செதில் செதிலாக உரிந்தது. ஒருநாள் கடலில் தடுமாறி வலைக்கயிற்றை விட்டுவிட்டான். படகுக்காரன் கேசவன், இவன் பெண்டாட்டிக்கு அண்ணன், துடுப்பாலேயே முதுகில் சாத்தினான். "குடிச்சிட்டா கடலுக்கு வர?" கரையில் இழுத்துப்போட்டும் மிதித்தான். தடுக்க ஒரு நாதி வரவேண்டுமே!

பெண்டாட்டி பவானி அவனைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ரத்தம் சோதித்த டாக்டர் சொன்னார்: "மீன், பால், ஆட்டுக்கறியில கிளைவிட்ட ஒரு கொழுப்பு இருக்கு. நம்ம உடம்பு அதைச் செரிச்சு அழிச்சிடும், இவர் உடம்பால முடியல. அது சேர்ந்து நரம்பைத் தின்னுது. பிறவிக் கோளாறு, ரெஃப்சம்னு பேரு. மீன், பால், கறி மூணையும் விடணும். பட்டினியும் கூடாது. பட்டினி கிடந்தா சேர்ந்த கொழுப்பு கரைஞ்சு மொத்த விஷமும் ரத்தத்துல இறங்கும்."

மூன்றையும் விட்டான். நடை தேறியது. பூரித்துப்போன தாய் குப்பம்மா, ஆடித் திருவிழாவில் மகன் காப்புக் கட்டி விரதமிருந்து கரகம் எடுப்பான் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

"டாக்டரு பட்டினி வாணான்னாரே!" என்று பவானி கத்தினாள்.

"காப்பு கட்னவன எவன்டி குடிகாரன்னுவான்?" என்றான் சிவப்பிரகாசம். அந்த ஒரு ஆசைதான் அவனுக்கு.

காப்புக் கட்டிய நாளிலிருந்து வெறும் இளநீரோடு கிடந்தான். கரகத்தன்று உச்சி வெயிலில், கோயில் வாசலில் கால் துவண்டது. கரகம் விழுந்து சிதறியது.

"காப்போட குடிச்சிட்டான்டா!"

அவ்வளவுதான், ஊரே பாய்ந்தது. கேசவன் பந்தல் கழியைப் பிடுங்கி விளாசினான். மண்டை பிளந்து ரத்தம் கொட்டியது. அடப்பாவிகளா, வாயையாவது மோந்து பார்த்தீர்களா!

பவானி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அண்ணன் கையைக் கடித்துக் கழியைப் பிடுங்கி, அவன் முட்டியிலேயே ஓங்கிப் போட்டாள். "பட்டினில சாவறாருடா இந்தாளு!"

புருஷன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைப் பல்லால் அறுத்தாள். ஊருக்கு ஊற்றக் காய்ச்சியிருந்த கூழில், மோர் கலக்காததாகப் பார்த்து மொண்டு வந்தாள். குப்பம்மா மாரில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"துன்னுய்யா."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். "வாணாம்டி. காப்ப அறுத்துட்ட. இனிமே மெய்யாலுமே குடிகாரன்னுவாங்க."

"சொல்லட்டும்யா. நீ உசுரோட இருந்து கேட்டுக்கோ."

சிவப்பிரகாசம் அழுதுகொண்டே வாயைத் திறந்தான்.