பன்மைக் கூட்டத்துக் கண்டக்டர்

கண்டக்டர் இன்றைக்கும் தெருநாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றுதான் சொல்வார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீசை முளைத்த வயதில் பிடித்த பழக்கம், ஓய்வு பெற்ற பிறகா விடப்போகிறது?

பழக்கம் பிடித்த இடம், அந்தக் காலத்தில் டயர் கடை மாடியில் ஓர் அறை. ரப்பர் நாற்றம், ஒரே ஜன்னல், கால் ஆடும் பெஞ்சு. அங்கே கூடிய ஏழெட்டுப் பேருக்கு ஒரே கொள்கை: உலகத்தில் யாரையும் 'நீ' என்று சொல்லக்கூடாது. முதலாளிக்கு 'நீங்க', கூட்டிப் பெருக்குகிறவருக்கு 'நீ' என்றால், அடிமைத்தனம் அந்தச் சொல்லில்தான் குடியிருக்கிறது என்பார் தலைவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊர் அவருக்குப் பன்மையார் என்றும், இவர்களுக்குப் பன்மைக் கூட்டம் என்றும் பெயர் வைத்தது.

கண்டக்டர் பஸ்ஸில் கைக்குழந்தையிடம் "அழாதீங்க" என்றால் சிரிப்பில் பஸ்ஸே குலுங்கும். ஆனால் ஒருநாள் மூட்டை தூக்குகிறவர் ஒருவரை "உள்ள வாங்க" என்றபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று அந்த மனிதர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பலைக் கண்டக்டர் இன்னும் மறக்கவில்லை. என்ன நாட்கள் அவை! மனைவியைக் கண்டதும் அந்த மாடியில்தான். தையல்காரம்மா, உயிரோடு இருந்தவரை, சண்டையில்கூட "வாயை மூடுங்க" என்றுதான் கத்துவார்.

எல்லாவற்றையும் கெடுத்தது தார். வேலையாட்களை 'டேய்' போட்டுக் கூப்பிட்ட ஓட்டல்காரர் ஒருவரைப் பிடித்து, கூட்டத்தார் முகத்தில் தார் பூசினார்கள். "அசையாதீங்க, கண்ணுல பட்டுடும்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே பூசினார் பன்மையார். ஓட்டல்காரர் குழந்தை மாதிரி அழுதார். கண்டக்டர் அதற்குப் பிறகு அந்த மாடிப்படி ஏறவில்லை. பன்மையார் சிறைக்குப் போக, கூட்டமும் கலைந்தது.

ஆனால் சொல் பரவிவிட்டது. வங்கியில், ஆஸ்பத்திரியில், போனில், எங்கே பார்த்தாலும் இப்போது 'நீங்க'தான். எல்லாம் எங்களால்தான் என்று கண்டக்டர் மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வார். முறுக்கிவிட்டுப் போகட்டும்.

மகளிடம் மட்டும் அந்தப் பெருமை செல்லாது. "பக்கத்து வீட்டு அப்பா 'வாடி தங்கம்'னு கூப்பிடுறார். நான் மட்டும் என்ன விருந்தாளியா?" என்று பள்ளிக்கூட வயதிலேயே கேட்டாள். அவர் உட்கார வைத்துக் கொள்கை விளக்கம் கொடுத்தார். குழந்தைக்குக் கொள்கை விளக்கம்! கல்யாணமாகிப் போனவள் அதிகம் வருவதில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"அங்க மரியாதைக்கு ஒரு குறையும் இல்லப்பா. ஒருத்தரும் சத்தம் போடல. 'நீங்க கிளம்பலாம்'னு அழகா சொல்லிட்டாங்க." உதடு துடித்தது. "இங்கயும் நான் விருந்தாளிதான்னா சொல்லிடுங்க. வேற இடம் பார்த்துக்கறேன்."

வாய்வரை வந்த 'வாங்க'வை அவர் விழுங்கினார். மரியாதையோடு தார் பூசிய பன்மையாரின் கைதான் கண்ணுக்குள் வந்து நின்றது. மகள் பெட்டியைத் தூக்கப் போனாள். அவர் அதைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

"இது உன் வீடு. நீ... நீ எங்கயும் போக வேண்டாம்."

மகள் அவர் தோளில் சாய்ந்து விம்மினாள். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா."

"நீ" என்றார்.