ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனவன்

என் மனைவி நடீனின் தம்பி வெர்லின் ஸ்ட்ரவுட் ஆஸ்பத்திரிக்கு ஆயிரத்து எண்ணூறு டாலர் கடன்பட்டிருந்தான். எதற்கு? உடம்பு அரித்ததற்கு.

மான் வேட்டைக்குப் போன இடத்தில் விஷக்கொடியில் உரசிக்கொண்டான். கை முழுக்கத் தடிப்பு. அதற்கு யாராவது அவசரப் பிரிவுக்குப் போவார்களா? இவன் போனான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்து, விபத்தில் அடிபட்டவர்களெல்லாம் தனக்கு முன்னால் உள்ளே போவதைப் பார்த்துப் பொருமிவிட்டு, ஒரு களிம்போடு திரும்பினான். பின்னாலேயே பில் வந்தது. நான் கொடுத்த சம்பளத்தில்தான் அதை மாதாமாதம் கட்டித் தீர்த்தான்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் டேட்டன் பக்கம் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டது என் ஆட்கள். நான் பார்க்காத காயமில்லை. வேலைக்குச் சேருகிறவன் எவனானாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: கணுக்கால் பிசகினாலோ, தையல் போடும்படி கை கிழிந்தாலோ, தொண்டை வீங்கினாலோ பீட்சா கடைக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போ, முன்பதிவு வேண்டாம், செலவும் குறைவு. நெஞ்சு இறுகினால், வாய் கோணினால், மூச்சு முட்டினால், ரத்தம் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இவ்வளவுதான் விஷயம். இதுகூட ஏறாத தலையை வைத்துக்கொண்டு வெர்லின் ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டான்.

கடன் தீர்ந்ததும் நேர் எதிராகச் சாய்ந்தான். இனி செத்தாலும் கிளினிக்தான் என்றான். பல்வலிக்கும் அங்கேதான் போய் நின்றான்.

போன ஆகஸ்டில் ஒரு சர்ச் கூரையில் வேலை. மதியம் காரக் குழம்பு ஊற்றிய ஹாட் டாக் மூன்றைத் தின்றுவிட்டு ஏறியவன், சற்று நேரத்தில் இறங்கி வந்தான். முகம் சாம்பலாகியிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே நெஞ்செரிச்சல் என்றான். நான் போனை எடுத்தேன். ஆம்புலன்ஸுக்குக் காசு யார் அழுவது என்று கேட்டுவிட்டு, தன் டிரக்கில் ஏறிப் பறந்துவிட்டான். நான் பின்னாலேயே விரட்டினேன். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வழியிலேயே இருந்தது. அந்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனான்.

நான் கிளினிக்குக்குள் நுழைந்தபோது, நூற்று நாற்பது டாலரை ரொக்கமாகக் கட்டிவிட்டு நாற்காலியில் சரிந்து கிடந்தான். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். ஒரே பார்வைதான். ஆம்புலன்ஸை வரச் சொல்லிவிட்டு, ஓர் ஆஸ்பிரினைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார்.

"ஹார்ட் அட்டாக் மாதிரி தெரியுது. இதுக்கு இங்க வைத்தியம் கிடையாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்."

"வேற மாத்திரை எதாச்சும் குடுங்கம்மா, சரியாப் போயிடும்," என்றான் வெர்லின்.

"டேய், உன் மண்டைக்கு எவன்டா கூரை போட்டான்? எல்லாப் பக்கமும் ஒழுகுது," என்றேன்.

"சும்மா இருங்க மாமா. ஆம்புலன்ஸ் பில்லை நீங்களா கட்டப் போறீங்க?"

"கட்டித் தொலைக்கிறேன். உன் சவப்பெட்டியை விட அது மலிவு."

பிழைத்துக்கொண்டான். இதயக் குழாயில் இருந்த அடைப்பை அன்றைக்கே எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நடீன் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியிருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் பில்லையும் சொன்னபடி நான்தான் கட்டினேன். இப்போது அவன் கூரை ஏறுவதில்லை. கீழே நின்று ஏணி பிடிக்கிறான். ஆனால் அன்றைக்குக் கிளினிக்கைவிட்டுக் கிளம்புமுன் அவன் செய்ததைச் சொன்னால்தான் ஆள் எப்படிப்பட்டவன் என்று புரியும்.

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வார்ப்பட்டையால் கட்டிவிட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வாசலை நோக்கித் தள்ளியபோது எட்டிக் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ்காரர்கள் இழுத்தும் விடவில்லை.

"வைத்தியம்தான் பாக்கலேல்ல? அப்போ என் காசு," என்றான்.

கவுன்டரில் இருந்த பெண் டாக்டரைப் பார்த்தாள். கொடுத்து அனுப்பும்படி டாக்டர் கையசைத்தார். அவன் விளிம்பை விட்டுவிட்டு உள்ளங்கையை விரித்தான். அவள் இருபது டாலர் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தாள். ஏழாவது நோட்டு விழும்வரை அந்தக் கை மூடவில்லை.