கடுகளவு அபின்

மேற்கு மலையிலிருந்து இறங்கிய வெண்மேகம் வயல்மேல் படுத்திருக்கும். அபின் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் என் உடம்பும் அப்படியாகிவிடும். கால் தரையில் இருப்பது தெரியாது. வாய்க்கால் எனக்குள்ளேயே ஓடுவது போலக் கேட்கும்.

மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதப் போன இடத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கூலியாட்கள் அதற்கு அபின் உருண்டை விழுங்குவார்கள். நானும் விழுங்கினேன். காய்ச்சல் விட்டது, அபின் விடவில்லை. படித்தவன், நினைத்த நாளில் நிறுத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். வேலை போய்க் கம்பம் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பியபோது மூன்று வேளைக்கும் உருண்டை வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் நடவுக்குப் போகும் பெண்கள் சிலர் கைக்குழந்தையின் நாக்கில் கடுகளவு அபினைக் கரைத்துத் தடவிவிட்டுப் போவார்கள். பொழுது சாயும்வரை குழந்தை தூங்கும். என் மனைவிக்கு அந்த வழக்கம் ஆகாது. மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நடவுக்கு ஆள் போதாத ஒரு நாள், அவளைத் தூளியில் போட்டுவிட்டு மனைவி கிளம்பினாள்.

"அழுதா ஆட்டிவிடுங்க. மருந்து கிருந்து குடுத்துராதீக. மதியம் பால் குடுக்க வந்துருவேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா எனக்குப் பயமில்லையே" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

குழந்தை அழுதது. என் மேகம் கலைந்தது. எரிச்சல் இல்லை, என் சுகத்தில் அவளுக்கும் ஒரு பங்கு கொடுப்பதாகவே நினைத்தேன். டப்பாவைத் திறந்து கிள்ளினேன். விரல் நுனியில் அது கடுகாகத்தான் தெரிந்தது. மாதாமாதம் என் அளவு பெருத்ததில் என் கண்ணுக்குக் கடுகும் பெருத்துப்போயிருந்ததை நான் அறியவில்லை. சர்க்கரைத் தண்ணீரில் குழைத்து நாக்கில் தடவினேன். தூளி ஆடியது. மலையும் ஆடியது. அப்பனும் மகளும் ஆற்றில் மிதந்து போவது போல இருந்தது.

மதியம் மனைவி வந்து தூக்கியபோது குழந்தையின் தலை தொங்கியது. உதடு நீலம். மூச்சு விட்டு விட்டு வந்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மருத்துவச்சி ஓடிவந்தாள்.

"ஏலே, எம்புட்டுக் குடுத்த?"

"கடுகளவுதான் ஆத்தா."

"கிள்ளிக் காட்டு."

காட்டினேன்.

"ஏலே பாவி, இது மிளகளவு!"

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, உள்ளங்காலைச் சுண்டி, தூங்கவிடாமல் இரண்டு பெண்களும் மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடந்தார்கள். எனக்கோ அடுத்த உருண்டைக்கான வேளை தாண்டியிருந்தது. கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது. மகள் பிழைப்பாளா என்று தெரியாத அந்த நேரத்தில் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் போய் என் உருண்டையை விழுங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பியபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை அக்கரையில் யாரோ பாடுவது போல எனக்கு இனித்தது. மனைவி என் வாயைப் பார்த்தாள்.

"இப்பவுமா?" என்றாள்.

மறுநாள் தூளியை அவிழ்த்து வயலுக்கே கொண்டுபோய் வரப்போரப் புங்கமரத்தில் கட்டினாள். நான் அபினைக் கைவிட மேலும் சில ஆண்டுகள் ஆயின. அந்த நடவுக்காலம் முழுக்க நான் வாய்க்கால் கரையில் நின்றேன். குழந்தை அழும். ஓரடி எடுத்து வைப்பேன். நடவு வரிசையில் மனைவி நிமிர்வாள். அங்கேயே நின்றுவிடுவேன்.