கயிற்றுக்காரர் ஏறும் பாகம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் தேநீர்க்கடை வைத்திருக்கிற எனக்கு, விளையாட்டு என்றால் கரம்போட் மட்டும்தான். கம்பியூட்டருக்குள் கப்பல் ஓட்டுகிற ஆட்களை நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. நிரோஜனை மட்டும் எடுத்தேன். அவன் கப்பல் கதை சொல்லத் தொடங்கினால், அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட எனக்குத் தெரியாது.

நிரோஜன் இறுப்பிட்டிப் பொடியன். வயது முப்பது. பதினொரு வருடமாக இந்தத் துறையில் வேலை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிறவர்களுக்கு உயிர்காப்பு அங்கி எடுத்துக் கொடுப்பான். விசில் ஊதிப் படகின் கயிற்றை அவிழ்த்து விடுவான். பிறகு எல்லாப் படகுக்கும் ஒரே வசனம்தான்: "கவனமாப் போட்டு வாங்கோ." படகில் இருக்கிறவர்கள் "போட்டு வாறம்" என்று விடைபெறுவார்கள். படகு போய்விடும், அவன் நிற்பான்.

அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. சிரிக்க வேண்டாம், நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் பிறந்தவன்தான். வேலைக்கு வந்த முதல் வருடம் நயினாதீவுத் திருவிழாவுக்கென்று ஏறினான். கால்மணி நேரப் பயணம். அதற்குள் குமட்டி, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவின் புதுப் பட்டுச்சேலையில் சத்தி எடுத்துவிட்டான். அந்த அம்மா கோயிலில் போய் என்ன முறையிட்டாவோ தெரியாது, அதற்குப் பிறகு அவன் படகில் கால் வைக்கவே இல்லை.

ஆனால் வீட்டில் அவன் கப்டன். இவனது சின்ன வயதில், போர் நின்றிருந்த சமாதான காலத்தில், பிரான்சிலிருந்து வந்த மாமா ஒரு சீடி கொண்டுவந்தாராம். அதில் இருந்தது ஒரு கப்பல் விளையாட்டு. அதன் உண்மையான பெயர் என் வாயில் நுழையாது, அதை ஆடுகிறவர்கள் 'தீவுக்கப்பல்' என்பார்கள். இருபது வருடத்தில் ஆறு பாகம் வந்துவிட்டது. ஆறும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். விடியற்காலை, ஒரு சின்னத் துறை. கையில் விளக்கோடு ஒரு மெலிந்த மனிதர் வந்து கயிற்றை அவிழ்ப்பார். "காற்று உன் பக்கம்" என்பார். கப்பல் புறப்படும். பிறகு பீரங்கி, கொள்ளை, சண்டை. அந்த மனிதரை அதற்குப் பிறகு பார்க்கவே முடியாது. அவருக்குப் பெயரும் இல்லை. ரசிகர்கள்தான் 'கயிற்றுக்காரர்' என்று வைத்தார்கள்.

ஏழாம் பாகம் புது வழியில் வரப்போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து போனில் ரசிகர்கள் வைத்திருக்கிற குழுவில் ஒரே அமளி. மட்டக்களப்பில் ஒருத்தர், லண்டனில் ஒருத்தர், சென்னையில் நாலைந்து பேர் என்று நூற்றிச் சொச்சம் ஆட்கள். பீரங்கி போதும், மீன் பிடிக்க விடுங்கள் என்றார் ஒருவர். கடலில் உண்மையான மழை வேண்டும் என்றார் இன்னொருவர். நிரோஜனுக்கு ஒரே ஒரு ஆசை. கயிற்றுக்காரர் கப்பலில் ஏறவேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதுவித்து, கொம்பனிக்கும் அனுப்பியிருந்தான்.

எனக்கு அதைச் சொன்ன காலை நன்றாக நினைவிருக்கிறது. காற்றே இல்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், நடுவில் கோடு இல்லை. தூரத்தில் நின்ற வள்ளங்கள் அந்தரத்தில் தொங்கின.

"கயிறை அவிழ்ப்பார், செல்வண்ணை," என்றான். "ஆனா எறியமாட்டார். கையிலை பிடிச்சபடி நிப்பார். கப்பல் மெல்ல அரக்க, அவரும் கயிறோடை ஏறிடுவார். பிறகு ஒரு சண்டையும் இல்லை. ஒவ்வொரு தீவாப் போவார். அங்கை இருக்கிற சனமெல்லாம் அவர் வழியனுப்பினவை. இவ்வளவு நாளும் எங்கை நிண்டனீங்கள் எண்டு கேப்பினம். கடல் கீழை வெளிச்சமா இருக்கும். இரவும் இல்லை, பகலும் இல்லை."

"சத்தி வராதோ அவருக்கு?" என்று கேட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. "பதினொரு வருசமா எல்லாரும் எனக்குப் போட்டு வாறம் எண்டு சொல்லுகினம் அண்ணை. நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை," என்றான்.

இனிக் கோபிகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நெடுந்தீவுப் பிள்ளை. வேலணையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. வெள்ளிக்கிழமை கடைசிப் படகில் வீட்டுக்குப் போவாள், திங்கள் காலை திரும்புவாள். ஒரு நாள் அவள் என் கடை வாங்குப் பலகையில் இருந்தபோது நிரோஜனின் போன் அடித்தது. தீவுக்கப்பல் தொடங்கும்போது வருகிற துறைமுக இசைதான் அதன் மணி. அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "காற்று உன் பக்கம்," என்றாள். அவளும் அதே குழுவில் இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இவன் இஸ்திரி போட்டு அழுத்தின சேட்டு இல்லாமல் வந்ததில்லை.

"ஒருக்கா எங்கடை வீட்டை வாங்கோவன். அம்மா நண்டு காய்ச்சுவா," என்று அவள் கேட்டாள், ஒரு தரமல்ல, மூன்று தரம்.

"கயிற்றுக்காரர் ஏறினா நானும் ஏறுறன்," என்று இவன் சிரித்து மழுப்பினான். எனக்கு அவன் செவிட்டில் ஒன்று போடவேண்டும் போலிருந்தது.

ஆவணியில் அவளுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அவள் இந்தத் துறையால் போகிற கடைசி வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம் ஏழாம் பாகத்தின் முன்னோட்டம் வெளியானது. என் கடையில் வைத்துத்தான் பார்த்தோம். இரண்டு நிமிடம். நெருப்பு, பீரங்கி, மறுபடி நெருப்பு. நடுவில் மூன்று விநாடி அந்தப் பழைய துறை வந்தது. ஒரு கம்பம். அதில் கொளுவியபடி எரிகிற விளக்கு. ஆள் இல்லை.

நிரோஜன் போனைக் கவிழ்த்து வைத்தான். குழுவில் செத்தவீடு. கயிற்றுக்காரரைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று லண்டன்காரர் அழாக்குறை. இவன் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான். ஒரு விளையாட்டுக்காக நான் கவலைப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் கோபிகா இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். இவன் முகத்தைப் பார்க்காமல் அங்கியை நீட்டினான்.

"பாத்தனீங்களோ?" என்றாள்.

"ஓம். ஆளை எடுத்துப்போட்டாங்கள்."

"ஆர் சொன்னது? எடுத்தவை எண்டால் விளக்கையும் எல்லே எடுத்திருப்பினம்." அவள் அங்கியை வாங்கவில்லை. "அது எரியுது. அப்ப ஆரோ கொளுத்தியிருக்கினம். விளக்கைக் கொளுவி வைச்சிட்டு அவர் ஏறிட்டார், நிரோஜன். அதாலைதான் துறை வெறுமை."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அது சரியோ பிழையோ கொம்பனிக்காரனுக்குத்தான் தெரியும். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன், எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

"எனக்குச் சத்தி வரும்," என்றான், மிக மெதுவாக.

"தெரியும். தேசிக்காய் கொண்டு வந்தனான்." கைப்பையைத் திறந்து காட்டினாள். நாலு தேசிக்காய் இருந்தது; அந்த எலுமிச்சை மணம் குமட்டலை அடக்குமாம்.

அதுதான் அன்றைய கடைசிப் படகு. சனியும் ஞாயிறும் அவனுக்கு லீவு. மற்ற எல்லாருக்கும் அங்கி கொடுத்து முடித்தான். நேரே என் கடைக்கு வந்து, கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி, வாசல் கம்பத்து ஆணியில் கொளுவினான். நீட்டிய அந்த அங்கியைக் கோபிகாவிடம் கொடுத்து, தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து விளிம்போரம் இருத்தினாள்.

அப்போதுதான் பார்த்தேன், கயிற்றை அவிழ்க்கத் துறையில் ஆள் இல்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இருபத்திமூன்று வருடம் இங்கே கடை வைத்திருக்கிறேன், ஒரு முடிச்சு அவிழ்த்ததில்லை. ஒருவழியாக அவிழ்த்து எறிந்தேன். அவன்தான் அதைப் பிடித்தான். முகம் ஏற்கனவே வெளிறிப்போயிருந்தது.

"கவனமாப் போட்டு வாரும், தம்பி," என்றேன்.

படகு துறையை விட்டு மெல்ல அரக்கியது. அவன் கயிற்றை மடியில் வைத்தபடி என்னையே பார்த்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

"போட்டு வாறன், அண்ணை," என்றான்.